சூப்பர்ஹீரோ விளையாட்டுக்கு விமர்சனம் எழுதுபவர் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் நான், வீடியோ கேம்களுக்குத் தமிழில் விமர்சனம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பேட்மேன், ஸ்பைடர்மேன் போன்ற காமிக்ஸ் நாயகர்களின் விளையாட்டுகளை எழுத முற்படும்போது தயக்கம் ஏற்படுகிறது. திரைப்படங்களைப் பார்த்திருக்கிறேனே தவிர, காமிக்ஸ் வாசித்ததில்லை. ஒரு விளையாட்டு மூலக்கதைக்கு எவ்வளவு நியாயம் செய்திருக்கிறது என்பதை எப்படி மதிப்பிடுவது? புள்ளி வழங்குவது அவசியமா?

பதில்: காமிக்ஸ் வாசித்திராதது நீங்கள் அஞ்சும் அளவுக்குப் பெரிய குறையன்று. உடையின் நிறம், வில்லனின் பூர்வீகம், எந்தக் காட்சி எந்த இதழிலிருந்து எடுக்கப்பட்டது என்பன தேடி அறியக்கூடிய விபரங்கள். நாயகனின் ஆற்றலும், முக்கியமாக அந்த ஆற்றலின் எல்லையும், விளையாட்டின் விதிகளாக மாறியிருக்கின்றனவா என்பதைத்தான் விமர்சகர் பார்க்க வேண்டும். அதை அறிய கன்ட்ரோலரைக் கையில் எடுத்துப் பொறுமையாக விளையாடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ராக்ஸ்டெடி நிறுவனம் உருவாக்கி 2009 இல் வெளியான ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ இதற்கு நல்ல பாடம். வெறுங்கையுடன் வரும் அடியாட்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டாலும், தாக்க வருபவனின் தலைக்கு மேல் தோன்றும் குறியைக் கண்டு உரிய கணத்தில் எதிரடிப் பொத்தானை அழுத்துபவர் தப்பிவிடலாம். துப்பாக்கி ஏந்தியவர்கள் காவல் நிற்கும் மண்டபத்தில் அதே துணிச்சலோடு குதித்தாலோ சில விநாடிகளில் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே உயரத்திலுள்ள கற்சிலைகளின் மேல் பதுங்கியிருந்து, தனித்து வருபவனை ஓசையின்றி வீழ்த்திவிட்டு, எஞ்சியவர்கள் பதறத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. பேட்மேன் என்பவர் குண்டு பட்டால் சாகக்கூடிய, அச்சத்தையே ஆயுதமாக்கிய மனிதர் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அந்த மண்டபம் உணர்த்திவிடுகிறது. குறையும் அங்கேயே இருக்கிறது. சுவரை ஊடுருவிக் காட்டும் துப்பறியும் பார்வையை எந்நேரமும் இயக்கி வைத்திருப்பதே இலாபம் என்பதால், கதை நிகழும், அழகாக வடிவமைக்கப்பட்ட தீவைப் பலரும் நீல நிறத்திலும், எதிரிகளை எலும்புக்கூடுகளாகவும் பார்த்தே முடித்தார்கள். இத்தகைய முரணைச் சுட்டிக்காட்டுவதற்குக் காமிக்ஸ் அறிவு தேவையில்லை.

ஸ்பைடர்மேனிடம் முதலில் சோதிக்க வேண்டியது வலை. 2004 இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ விளையாட்டில் வலை ஆகாயத்தில் தொங்காமல் கட்டடத்தில் ஒட்ட வேண்டும் என்ற விதி வைக்கப்பட்டது. அந்த ஒரே விதியால் நகரத்தின் அமைப்பே விளையாட்டின் பகுதியாகிவிட்டது. இன்சோம்னியாக் நிறுவனம் உருவாக்கி 2018 இல் வெளியான ஸ்பைடர்மேன் விளையாட்டில் வலையில் ஊஞ்சலாடுவது இன்னும் இலகு. ஆனாலும் மான்ஹாட்டன் மாடிகளுக்கிடையே பாய்ந்தவர் சென்ட்ரல் பார்க்கின் மரங்களை அடைந்ததும் வேகம் இழந்து தாழ்கிறார். அந்த இடத்தில் சற்று நேரம் விளையாடிப் பார்த்து எழுதுங்கள். (தமிழ் இதழான லயன் காமிக்ஸ் வாசித்து வளர்ந்த மூத்தவர்களுக்கு ஸ்பைடர் என்பவர் வேறொரு நாயகர், எனவே முழுப்பெயரையே எழுதுவது நல்லது.)

தோற்கவே முடியாத நாயகன்தான் வடிவமைப்பாளருக்குப் பெரிய சிக்கல். 2006 இல் வந்த ‘சூப்பர்மேன் ரிடர்ன்ஸ்’ விளையாட்டில் எஞ்சியுள்ள உயிரைக் காட்டும் உயிர்மானி சூப்பர்மேனுக்கு இல்லை, மெட்ரோபொலிஸ் நகரத்துக்கு இருந்தது. நகரம் அழிந்தால் நீங்கள் தோற்றீர்கள். விளையாட்டு சுமாரானதுதான், ஆயினும் அந்த யோசனை பாராட்டத்தக்கது. மறுபுறம், 2024 இல் வெளியான ‘சூசைட் ஸ்குவாட்’ விளையாட்டில், நாம் இயக்கும் வில்லன்களான சுறா மனிதன் உட்பட நால்வர் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்ததால், ஒருவருக்கும் மற்றவருக்கும் இருக்க வேண்டிய வேறுபாடு மங்கிப்போனது.

எந்தக் கருவியில், எந்த மாதத்தில் விளையாடினீர்கள் என்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள். 2015 இல் ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ பிளேஸ்டேஷனில் பாராட்டுப் பெற்ற அதே வேளையில், கணினிப் பதிப்பு கோளாறுகள் காரணமாகச் சில நாட்களிலேயே விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டு, ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது. 2020 இல் வெளியான ‘மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்’ விளையாட்டின் கதைப் பகுதியை மட்டும் முடித்தவர் ஒருவிதமாகவும், அதன்பின் ஒரே மாதிரியான பணிகளைத் திரும்பத் திரும்பச் செய்தவர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார். அதன் இணைய விற்பனை 2023 செப்டெம்பர் 30 உடன் நின்றுவிட்டது. இத்தகைய விளையாட்டுகளுக்குக் கதை முடிந்த பிறகும் சில மாலைகளை ஒதுக்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கொழும்பு வாசகருக்குச் செலவுக் கணக்கும் வேண்டும். மேலே சொன்ன 2018 ஸ்பைடர்மேனின் கணினிப் பதிப்புக்கு 75 ஜிபி இடம் தேவைப்படுகிறது. வீட்டு இணைய பக்கேஜில் அது எவ்வளவு டேட்டாவை விழுங்கும் என்பதும், பிளேஸ்டேஷனில் என்றால் பாவித்த டிஸ்க் வாங்கினால் போதுமா என்பதும், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புதிய கிராபிக்ஸ் கார்ட் வாங்க யோசிக்கும் இளைஞருக்கு வில்லனின் பூர்வீகத்தைவிடப் பயன்படும்.

புள்ளி வழங்குவதை நான் விரும்புவதில்லை, பத்துக்கு எட்டு என்று கண்டவர் மிகுதியை வாசிப்பதில்லை. கட்டாயம் வேண்டுமென்றால் இறுதியில் இடுங்கள்.

முதற்பயிற்சிக்கு ‘ஆர்க்கம் அசைலம்’ போதும். இன்றைய விளையாட்டுகள் கேட்கும் விலையுயர்ந்த கார்ட் அதற்குத் தேவைப்படாது. துப்பாக்கிக்காரர்கள் உள்ள ஒரு மண்டபத்தைத் துப்பறியும் பார்வையோடு ஒருமுறையும், அது இல்லாமல் இன்னொரு முறையும் ஆடி, இரண்டுக்கும் இடையே உங்கள் ஆட்டம் எப்படி மாறியது என்பதை மட்டும் முந்நூறு சொற்களில் எழுதிப் பாருங்கள்.