இறந்தவரிடம் சம்மதம் கேட்கும் மந்திரவாதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சனிக்கிழமைகளில் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை விளையாடுகிறோம். அடுத்த கதையில், இறந்தவர்களை எழுப்பத் தெரிந்த, ஆனால் எல்லோரிடமும் அன்பாகப் பழகும் ஒரு நெக்ரோமேன்சராக நான் விளையாட விரும்புகிறேன். கதையை நடத்தும் நண்பரோ, அந்த வித்தையே தீயது என்று விதிப்புத்தகம் சொல்கிறது என்கிறார். என் விருப்பம் பொருந்தாததா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: உங்கள் நண்பர் விதியைச் சரியாகவே வாசித்திருக்கிறார். 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விளையாடுவோர் கையேடு, இறந்த உடல்களை எழுப்பி நடமாடவிடுவது நற்செயல் அன்று என்றும், தீய மந்திரவாதிகளே அதை அடிக்கடி செய்வார்கள் என்றும் கூறுகிறது. ஆனால் அது தடை அன்று. தக்க காரணத்துக்காக அரிதாகச் செய்பவருக்கு அங்கே இடமிருக்கிறது. மேலும், 1978இலும் 1989இலும் வந்த பழைய கையேடுகளில் காயம் ஆற்றும் மந்திரங்கள் இந்த வித்தைக்குள்ளேதான் இருந்தன. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே அவை வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டன. ஆகவே உயிரைக் காக்கும் நெக்ரோமேன்சர் இந்த விளையாட்டுக்குப் புதியவர் அல்லர்.

இனி உங்கள் பாத்திரத்தைப் பார்ப்போம். சிரித்த முகமும் இனிய பேச்சும் மட்டும் ஒருவரை அன்பானவராக்கிவிடா. எழுப்பும் மந்திரத்தின் விதிப்படி, எழுந்த எலும்புக்கூடு 24 மணி நேரம் மந்திரவாதியின் சொற்படி நடக்கும். அதற்குள் மந்திரத்தைப் புதுப்பிக்காவிட்டால் அவருடைய பிடியிலிருந்து விலகிவிடும். ஒருவருடைய உடலை அவரைக் கேளாமல் எடுத்து ஏவல் செய்விப்பதே இங்குள்ள குறை என்பதால், உங்கள் பாத்திரத்தின் அன்பு சம்மதம் கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இறந்தவரோடு பேசும் மந்திரம் ஒன்று உண்டு. அதைக் கொண்டு ஐந்து கேள்விகள் கேட்கலாம்; உடலுக்கு வாய் எஞ்சியிருக்க வேண்டும்; ஒருமுறை கேட்டால் பத்து நாட்களுக்கு அதே உடலிடம் மீண்டும் கேட்க இயலாது. 2014ஆம் ஆண்டுக் கையேட்டில் அது மதகுரு, பாணன் என்னும் பாத்திர வகைகளுக்கு உரியதேயன்றி மந்திரவாதிக்கு உரியதன்று. எனவே உங்கள் குழுவிலுள்ள மதகுருவின் துணையோடு அதைச் செய்யுங்கள். இருவருக்கிடையே நல்ல நட்பு வளரவும் அது வழியாகும். ஆனால் அந்த மந்திரம் ஆன்மாவைத் திருப்பி அழைப்பதில்லை. உடல் தான் உயிரோடிருந்தபோது அறிந்ததை மட்டுமே சொல்லும். ஆதலால் நாம் கண்தானத்துக்கு உயிரோடிருக்கையிலேயே ஒப்பமிடுவதைப் போல, ஊரிலுள்ள முதியவர்களே முன்வந்து, “என் ஊருக்கு ஆபத்து வந்தால் ஒரு நாளைக்கு என் எலும்பை எழுப்பிக்கொள்” என்று சொல்லிவைத்த ஒரு மந்திரவாதியைக் கற்பனை செய்யுங்கள். அவர் முதியவர்களின் படுக்கையருகே இருந்து கதை கேட்பவராக, பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரிந்தவராக இருப்பார். எந்தப் பாதாள அறைக்குள்ளும் நுழைவதற்கு முன்பே உங்களுக்கு ஒரு முழு வாழ்க்கைக் கதை கிடைத்துவிடும்.

உடல் அழியாமல் காக்கும் இரண்டாம் நிலை மந்திரத்தை மறவாமல் தேர்ந்தெடுங்கள். அது பத்து நாட்களுக்கு உடலைக் கெடாமல் வைத்திருப்பதோடு, அந்த உடலை எவரும் நடைப்பிணமாக எழுப்ப முடியாதபடியும் தடுக்கும். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும்வரை தாயின் உடலை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வீடுகளை அறிந்த நமக்கு, இந்த மந்திரத்தின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. தூரதேசத்து மகன் வந்து முகம் பார்க்கும்வரை ஒரு தாயின் உடலைக் காத்துக்கொடுக்கும் நெக்ரோமேன்சரை எந்த ஊர்தான் வெறுக்கும்?

எழுப்பியவருக்கும் எழுந்தவருக்கும் இடையிலுள்ள உறவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் சைவ மரபிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மயிலாப்பூரில் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் தந்தை சிவநேசர் குடத்தில் வைத்திருக்க, திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார் என்பதைப் பெரியபுராணத்தில் படித்திருப்பீர்கள். மகளை மணந்துகொள்ளும்படி சிவநேசர் வேண்டியபோது, உயிர் கொடுத்ததால் அவள் தமக்கு மகள்முறை என்று சம்பந்தர் மறுத்துவிட்டார். அருளாளரின் செயலை விளையாட்டு மந்திரத்தோடு சமப்படுத்துவது என் நோக்கமன்று. எழுப்பியவருக்கு உரிமை கூடுவதில்லை, பொறுப்பே கூடுகிறது என்ற அந்த நிலைப்பாட்டை உங்கள் பாத்திரம் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் மேசையில் கதையை நடத்துபவன் நான். விளையாடுவோரில் போரில் உறவுகளை இழந்தவர்களும் இருக்கிறார்கள். இத்தகைய பாத்திரத்தை அனுமதிக்கலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: அனுமதிக்கலாம், ஆனால் முதலாவது அமர்வுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டறிந்த பின்னர்தான். எல்லோர் முன்னிலையிலும் கேட்டால், விருப்பமில்லாதவரும் நண்பர்களின் முகத்துக்காகத் தலையாட்டிவிடுவார். 1999இலும் பின்னர் 2025இலும் செம்மணியில் எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டதைப் பார்த்த யாழ்ப்பாணத்தில், மண்ணுக்குள்ளிருந்து எலும்புகள் எழும் காட்சி எல்லோருக்கும் வெறும் கற்பனையாக இருந்துவிடாது. பெரும் புதைகுழிகளைக் கதையில் வைக்காதீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரை மந்திரத்தால் கண்டறியும் காட்சியையும் அறவே தவிர்த்துவிடுங்கள். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்ற விடை கிடைக்காமல், இறந்தவருக்குரிய அந்தியேட்டிக் கிரியையைச் செய்யவும் மனம் ஒப்பாமல் காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்த விடையை ஒரு பகடை தந்துவிடுவதாக அவர்களுடைய பிள்ளையின் முன்னால் விளையாடுவது கொடுமையாகும். நடுவில் யாராவது மேசைமீது உள்ளங்கையை வைத்தால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை நிறுத்திவிடுவது என்ற ஏற்பாடும் இருக்கட்டும்.

கதையின் காலத்தை வெகுதொலைவுக்குக் கொண்டுபோவதும் உதவும். மணிமேகலையில் வரும் சக்கரவாளக் கோட்டத்தில் சுடுதல், வெறுமனே இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியில் கவித்தல் என இறந்தோரை ஒப்படைக்கும் ஐந்து முறைகள் சொல்லப்படுகின்றன. நம் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் 1980இல் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழியொன்றில் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. அத்தகைய பண்டைக் காலத்தை ஒத்த கற்பனை நாட்டில் கதை நடந்தால், துயரம் நெஞ்சுக்கு மிக அருகில் வராது. விதிகளும் அங்கே நன்கு பொருந்தும்: உடலைச் சுட்டுக் கீரிமலைக் கடலில் சாம்பலைக் கரைக்கும் நம் வழக்கத்தில், பேசுவதற்கு வாயும் இல்லை, எழுவதற்கு எலும்பும் இல்லை.

கேள்வி: அன்பான நெக்ரோமேன்சருக்கும் கறுப்பு அங்கியும் மண்டையோட்டுத் தடியும் வேண்டுமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: வேண்டியதில்லை. வெள்ளை வேட்டியும் தோளில் ஒரு சால்வையும் போதும். இடுப்புப் பையில் ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு செப்புக் காசுகளும் எப்போதும் இருக்கட்டும். உடல் காக்கும் மந்திரத்துக்காக இறந்தவரின் கண்கள்மீது வைப்பதற்கென்று 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகமே கேட்கும் பொருட்கள் அவை என்பதால், கதையை நடத்துபவர் மறுக்க மாட்டார்.