மைதானத்தில் ஸ்விங்: ட்ரம் கோர் கேள்வி – பதில்

கே: ஜாஸ் என்றாலே அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதுதானே? ட்ரம் கோர் என்ற அணிவகுப்புக் குழுவில் பித்தளைக் கருவிக்காரர்களும் தாளக்காரர்களுமாக நூற்றைம்பது பேர் ஒரே நிகழ்ச்சியை மாதக்கணக்கில் பழகி, அடி பிசகாமல் நடந்து வாசிப்பதை எப்படி ஜாஸ் என்கிறார்கள்?

ப: மனோதர்மத்துக்கு அங்கே அநேகமாக இடமில்லை. தனி ட்ரம்பெட் வாசிப்பவரின் வரிகள்கூடப் பெரும்பாலும் முன்பே எழுதி முடிவானவை. ஜாஸிலிருந்து மைதானத்துக்கு வருவது அதன் நடையும் அழுத்தமும் பித்தளைக் கருவிகளின் கூட்டொலியும்தான். இது இன்று நேற்று வந்ததும் அல்ல. இந்தக் குழுக்களுக்குப் போட்டி நடத்தும் அமெரிக்காவின் ட்ரம் கோர் இன்டர்நேஷனல் தன் முதல் சாம்பியன்ஷிப்பை 1972-ல் நடத்தியது. 1976-ல் கலிஃபோர்னியாவின் ப்ளூ டெவில்ஸ் குழு முதல் பட்டத்தை வென்றபோது அதன் நிகழ்ச்சியில் ஜாஸ் ட்ரம்மர் பட்டி ரிச்சின் இசைக்குழுவுடைய ‘சேனல் ஒன் சூட்’ இருந்தது. ஒரு ட்ரம்மர் ஒற்றை ஆளாகத் தாங்கிய இசையை இருபதுக்கும் மேற்பட்ட தாளக்காரர்களுக்குப் பங்கு பிரிப்பது எப்படி என்ற கேள்வி அப்போதிருந்தே இருக்கிறது.

கே: ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் அணிவகுப்பு ட்ரம்) வரிசைக்கு ஸ்விங், அதாவது ஜாஸின் சாய்ந்த நடை, எழுதுகிறேன். தாளில் சரியாகத் தெரிகிறது. வாசித்தால் ராணுவ அணிவகுப்பு போல ஒலிக்கிறது. தவறு எங்கே?

ப: பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது, எழுதும் முறை. ஒரு பீட்டை ‘தகிட’ என்று மூன்றாகப் பிரித்து, ‘த’வையும் ‘ட’வையும் அடித்து, ‘கி’யை மௌனமாக விட்டால் அது நடுத்தர வேகத்து ஸ்விங். நீங்கள் புள்ளியிட்ட எட்டாம் சுரமும் பதினாறாம் சுரமுமாக எழுதியிருந்தால், அது ‘தகதிமி’யில் ‘த’வையும் ‘மி’யையும் மட்டும் அடிப்பது. இரண்டாம் அடி பிந்திப்போய், அடுத்த பீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. அணிவகுப்பின் விறைப்பு அங்கிருந்துதான் வருகிறது. வெறும் எட்டாம் சுரங்களை எழுதி மேலே ‘ஸ்விங்’ என்று குறித்துவிடுவதும் உதவாது. ஒரு ஆளுக்கு அது போதும், ஒன்பது பேர் ஒன்பது விதமாகப் புரிந்துகொள்வார்கள். நடந்து வாசிக்கும் தாளப் பிரிவான பேட்டரிக்கு ட்ரிப்லெட்டாகவோ (ஒரு பீட்டில் மூன்று சம அடிகள்) 12/8-லோ எழுதிவிடுங்கள். வேகம் கூடக் கூட இந்த இடைவெளி சமமாகிக்கொண்டே வரும் என்பதையும் மறக்க வேண்டாம். நிமிடத்துக்கு 200 பீட்டைத் தாண்டியபின் ‘தகிட’வைப் பிடித்துத் தொங்கினால் வரிசை தள்ளாடும். அங்கே கிட்டத்தட்ட நேர் எட்டாம் சுரங்களாகவே எழுதி, ஸ்விங் உணர்வை அழுத்தத்தின் மூலம் மட்டும் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, நிரப்பும் ஆசை. வரிசையின் திறமையைக் காட்ட ‘கி’யிலும் ஓர் அடி, அதிலொரு ஃப்ளாம் (முன்னொட்டாக ஒரு சிற்றடி சேர்ந்த அடி), அடுத்ததில் ஒரு டிடில் (ஒரே கையில் இரட்டை அடி) என்று போய்க்கொண்டே இருந்தால் மிஞ்சுவது உருண்டோடும் ட்ரிப்லெட், ஸ்விங் அல்ல. நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த நடு அடிக்குக் குச்சியை 3 அங்குலத்துக்கு மேல் தூக்காமல், அழுத்தங்களை 9 அங்குலத்தில் வையுங்கள். 6 அங்குல அடி ஒன்றும் வேண்டும். பல வரிசைகளில் காணாமல் போவது இந்த நடு உயரம்தான். பழகும்போது முதலில் மூன்றையும் தாழ்வாக வாசித்து, பிறகு ‘த’, ‘ட’ இரண்டையும் மட்டும் உயர்த்தி, கடைசியில் கையோட்டத்தை மாற்றாமல் ‘கி’யை எடுத்துவிடுங்கள். வலது–இடது மாறிமாறி வரும் ஓட்டத்தில் ‘ட’ ஒரு பீட்டில் வலது கையிலும் அடுத்ததில் இடது கையிலும் விழும். இடது கையில் விழும்போது அது முந்துகிறதா என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, கால். இடது கால் 1, 3-ஆம் பீட்டுகளில் ஊன்றும். உடம்பு தானாக அங்கே அழுத்தம் கொடுக்கும். ஜாஸின் சாய்வு 2, 4-ல். வலது கால் விழும்போது அழுத்தம் கொடுத்து நடந்து பழகாத வரிசைக்கு எவ்வளவு நல்ல எழுத்தும் அணிவகுப்பாகத்தான் முடியும்.

கே: ட்ரம் செட்டின் பாகங்களை யார் யாருக்குப் பிரித்துக் கொடுப்பது?

ப: ரைட் சிம்பலிலிருந்து தொடங்குங்கள், ஜாஸில் காலத்தைச் சுமப்பது அது. சிம்பல்காரர் தட்டைப் படுக்கையாகப் பிடிக்க, பக்கத்தில் நிற்கும் ஸ்னேர்காரர் அதில் ரைட் வாசிப்பது பழைய, நல்ல உத்தி. இதற்கு இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் சில பார்கள் (தாள ஆவர்த்தனங்கள்) சேர்ந்து நிற்கவோ மெதுவாக நகரவோ வேண்டும். மைதானத்தில் யார் எங்கே நகர்வது என்று வகுக்கும் நடை வரைபவரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் அந்த எட்டு பாரில் சிம்பல் வரிசை மைதானத்தின் மறுபக்கத்தில் இருக்கும். 2, 4-ல் தட்டுகளைச் சேர்த்து அமுக்கினால் ஹை-ஹாட்டின் (செட்டில் காலால் மூடும் ஜோடித் தட்டு) ஒலியும் கிடைத்துவிடும்.

பேஸ் ட்ரம்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐந்து பேரும் சேர்ந்து நான்கு பீட்டையும் அடித்தால் அணிவகுப்பு திரும்ப வந்துவிடும். செட்டில் ட்ரம்மர் பாதத்தால் மெல்ல வருடுவதை ஐந்து பெரிய ட்ரம்களால் செய்ய முடியாது. கூட்டடியைப் பித்தளையின் வெட்டுகளுக்கு, குறிப்பாக நான்காம் பீட்டின் ‘ட’வுக்கு, ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் ஆளுக்கொரு அடியாக ஏறி இறங்கும் ‘நடக்கும் பேஸ்’ வரிகளைக் கொடுங்கள். டெனார் (ஒருவரே சுமக்கும் ட்ரம் தொகுதி) வரிசைக்கு, செட்டின் டாம் ட்ரம்கள் செய்யும் நிரப்பல்கள். ஆனால் பித்தளை மூச்சு விடும் இடத்தில் மட்டும்.

கே: மைதானத்தின் முன் விளிம்பில் நகராமல் நிற்கும் தாளப் பிரிவான பிட்டில் இப்போது ட்ரம் செட்டே இருக்கிறது, மைக்கும் இருக்கிறது. காலத்தை அதனிடமே விட்டுவிடலாமே?

ப: பேட்டரி பக்கத்தில் நிற்கும்போது தாராளமாக. பின்னால் போனதும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து மைதானத்தில் நீளவாக்கில் ஓடும் இரண்டு ஹேஷ் கோடுகளில் பின்னால் இருப்பது முன் விளிம்பிலிருந்து சுமார் 30 மீட்டர். செட்டின் அடி அங்கே போய்ச் சேர 0.09 நொடி. அதைக் கேட்டு ஸ்னேர் வாசித்தால், அந்த ஒலி முன்னால் திரும்பி வர இன்னொரு 0.09. ஆக 0.18 நொடி தாமதம். நிமிடத்துக்கு 180 பீட் வேகத்தில் ‘தகிட’வின் ஓர் எழுத்துக்கு 0.11 நொடிதான். பேட்டரியின் ‘த’, செட்டின் ‘கி’யையும் தாண்டி ‘ட’வை நெருங்கிப்போய் விழுகிறது. நேர் எட்டாம் சுரங்களில் இது கசங்கல்; ஸ்விங்கில் நடையே மாறிப்போகும்.

அதனால் விதி ஒன்றுதான்: பின்னால் இருப்பவர் முன்னாலிருந்து வருவதைக் கேட்டு வாசிக்கக் கூடாது. பேட்டரி, கையசைத்துக் காலம் காட்டும் ட்ரம் மேஜரின் கையையும் நடு ஸ்னேரையும் பின்பற்ற, பிட் கையைப் பார்க்காமல் பின்னாலிருந்து வரும் ஒலியோடு சேரட்டும். எழுதுபவர் செய்ய வேண்டியது, பேட்டரி பின்னால் போகும் பார்களில் செட்டின் ரைடை எடுத்துவிட்டு, வைப்ரஃபோனில் (உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) நீண்ட சுரங்களைப் போடுவது. ஆபத்தான ஒத்திசைவு அடிகளை இரண்டும் நெருங்கி நிற்கும் வடிவங்களுக்குத் தள்ளிவையுங்கள். நடை வரைபடத்தைப் பார்க்காமல் தாளம் எழுதுவது இங்கே வீண் வேலை.

கே: வைப்ரஃபோனில் கார்டுகளை (கூட்டுச் சுரங்களை) முழுதாக எழுதினால் குழம்புகிறதே?

ப: மூலச் சுரத்தை பிட்டில் உள்ள மின்னணு பேஸுக்கு விட்டுவிடுங்கள், ட்ரம் கோர் இன்டர்நேஷனலில் 2009 முதல் மின்னணுக் கருவிகளுக்கும் அனுமதி உண்டு. வைப்ரஃபோனுக்கு கார்டின் மூன்றாம், ஏழாம் சுரங்கள், தேவையானால் ஒன்பதாவது. ஒலியை அலையாட்டும் மோட்டாரை அணைத்து, பெடலைப் பாதியளவே அமுக்கச் சொல்லுங்கள். வேக ஸ்விங்கை மரக்கட்டைகள் கொண்ட மரிம்பாவின் கீழ்ச்சுரப் பகுதியில் எழுதாதீர்கள். எல்லாம் ஒரே முழக்கமாகிவிடும்.

கே: மெதுவான பாடலுக்கு ஸ்னேர் வரிசை குச்சிக்குப் பதில் பிரஷ் (கம்பித் தூரிகை) கொண்டு வாசிக்கலாமா?

ப: பார்க்க அழகாக இருக்கும், கேட்காது. அணிவகுப்பு ஸ்னேரின் கெவ்லார் வகை ஹெட் (மேல் தோல்) மிக இறுக்கமானது, வறண்டது. பிரஷ் இழுக்கும் ‘ஷ்’ ஒலி அதில் எழும்பாது. மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ் ஓரளவு உதவும். உண்மையான பிரஷ் ஒலி வேண்டுமென்றால் பிட்டில், சொரசொரப்பான பூச்சுள்ள ஹெட் போட்ட ஒரே ஒரு ஸ்னேர், அதன் அருகில் ஒரு மைக். ஒலிபெருக்கத்துக்கு 2004-லேயே அனுமதி வந்துவிட்டது.