எலிக்குப் பலித்த மருந்து தம்பிக்கு எப்போது வரும்?

கேள்வி: என் தம்பிக்கு வயது 27. மனச்சிதைவு நோய்க்காக நான்கு ஆண்டுகளாக அரசாங்க மருத்துவமனையில் ரிஸ்பெரிடோன் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் 14 கிலோ எடை கூடிவிட்டது, பகலெல்லாம் தூக்கம். சென்ற மாதம் புலனத்தில் ஒரு செய்தி வந்தது. மனச்சிதைவு உள்ள எலிகளைப் புதிய மருந்து ஒன்று குணப்படுத்திவிட்டதாம். அதைப் படித்ததிலிருந்து, "அந்த மருந்து வரட்டும், அதுவரை இது வேண்டாம்" என்கிறான். எலிக்கு எப்படி மனச்சிதைவு வரும்? அந்த மருந்து நமக்கு எப்போது கிடைக்கும்? இணையத்தில் வரவழைக்கலாமா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த கணக்கு இது: மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 விழுக்காட்டினருக்கு, மருந்து நிறுத்தப்பட்டு வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினருக்கு. நிறுத்திய மறுநாளே எதுவும் நடக்காது. ஒரு மாதம், இரண்டு மாதம் நன்றாகவே போகக்கூடும். "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று தம்பி சொல்லும் காலம் அதுதான். நான் அஞ்சுவதும் அந்தக் காலத்தைத்தான்.

இனி எலிக்கு வருவோம். நான் பினாங்கில் மருந்தியல் கற்பிப்பவன். சில ஆண்டுகள் இப்படிப்பட்ட எலிகளோடு ஆய்வகத்தில் கழித்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எலிக்கு மனச்சிதைவு வராது. "பக்கத்து வீட்டுக்காரர் உன்னைப் பற்றிப் பேசுகிறாரா?" என்று எலியிடம் கேட்டுப் பதில் வாங்கிவிட முடியுமா? நோயின் ஏதோ ஒரு சாயலை மட்டும் எலியிடம் உண்டாக்குகிறார்கள். ஆம்பெட்டமின் கொடுத்தால் எலி கூண்டுக்குள் ஓயாமல் ஓடும். சியாபு என்ற போதைப்பொருளை எடுப்பவர்களுக்கு வரும் சந்தேகமும் குரல்களும் நம் ஊரில் பலர் அறிந்தவை. ஆம்பெட்டமின் அதே குடும்பத்துப் பொருள். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமின் மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு மாதிரி. கெட்டமின் கொடுப்பது இன்னொரு வழி. அது குளூட்டமேட் என்ற இன்னொரு செய்தி கடத்தியின் பாதையைக் குலைக்கிறது. தாய் எலியின் வயிற்றில் இருக்கும்போதே குட்டியின் மூளை வளர்ச்சியைத் தடம் மாற்றுவதும், மரபணுவை மாற்றுவதும் உண்டு. இதில் குட்டிகள் பருவமடைந்த பிறகே கோளாறு தெரியத் தொடங்கும் மாதிரிகள் சில இருக்கின்றன. மனிதரிலும் இந்நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுவதால், எனக்கு அவற்றின் மேல்தான் மதிப்பு அதிகம்.

பிறகு சோதனை. ஒன்றை மட்டும் அருகில் காட்டுகிறேன். வெள்ளை எலிக்கு ஹாலோபெரிடால் என்ற பழைய மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டு அரைமணி நேரம் காத்திருப்போம். பிறகு அதன் முன்னங்கால் இரண்டையும், மேசையிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்திய ஓர் உலோகக் கம்பியின் மேல் தூக்கி வைப்போம். மருந்து பெறாத எலி ஓரிரு நொடியில் கால்களை எடுத்துக்கொண்டு நம் கையுறையை முகர வந்துவிடும். மருந்து பெற்ற எலியோ வைத்தது வைத்தபடி நிற்கும். கண் திறந்திருக்கும், மீசை துடிக்கும், ஆனால் இறங்காது. கையில் கடிகாரம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று ஓடும். மூன்றாவது நிமிடம் முடிந்ததும் நாங்களே பிடித்து இறக்கிவிடுவோம். பழைய ஊசி மருந்துகள் போட்டுக்கொண்டவர்கள் கை வீசாமல், முகம் அசையாமல் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விறைப்பைத்தான் இந்தக் கம்பி முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது. ஆக, இது பக்கவிளைவை அளக்கும் சோதனை.

நோயைத் தணிக்கும் திறனை அளக்க இன்னொரு சோதனை இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில், பிரான்சின் ரோன்-புலாங்க் நிறுவனத்தில் சிமோன் குர்வாசியே என்ற பெண் விஞ்ஞானி எலிகளுக்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தார். மணி அடிக்கும், சற்று நேரத்தில் தரையில் மின்சாரம் பாயும், தப்பிக்கக் கயிற்றில் ஏற வேண்டும். பழகிய எலி மணி அடித்ததுமே ஏறிவிடும். குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்த எலி மணியைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் மின்சாரம் சுட்டதும் ஏறியது. கால்கள் செத்துப்போகவில்லை, எச்சரிக்கை அதற்கு எச்சரிக்கையாகப் படவில்லை, அவ்வளவுதான். எதைக் கண்டாலும் தனக்கு எதிரான அடையாளமாக எடுத்துக்கொள்ளும் நோயாளியின் மனம் அந்த மருந்தால் தணிவதற்கும் இதற்கும் உறவு இருக்கலாம். இன்றுவரை புதிய மருந்துகள் பலவும் இந்தச் சோதனையைக் கடந்துதான் வருகின்றன.

சிக்கல் இங்கேதான். இந்தச் சோதனைகளெல்லாம் குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் ஆகியவற்றை அளவுகோலாக வைத்து உருவானவை. அவை இரண்டும் மூளையில் டோபமின் வந்து ஒட்டும் டி2 ஏற்பிகளை அடைப்பவை. பழைய சாவிக்கு ஏற்பப் பூட்டைச் செய்துவிட்டு, அதைத் திறக்கும் புதுச் சாவியைத் தேடினால், அகப்படுவது பழைய சாவியின் தம்பிதான். குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தின் கதை இதற்குச் சாட்சி. அது எலியை விறைக்க வைக்கவில்லை. விறைக்க வைக்காத மருந்து மனநோய்க்கு எப்படி உதவும் என்று அக்காலத்தில் ஐயப்பட்டவர்கள் உண்டு. 1975-இல் பின்லாந்தில் சிலருக்கு வெள்ளையணுக்கள் குறைந்து உயிரிழப்பு ஏற்பட்டதால் அது ஒதுக்கி வைக்கவும் பட்டது. வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1988-இல் வெளிவந்தது: குளோசபினில் 30 விழுக்காட்டினர் தேறினார்கள், குளோர்புரோமசினில் 4 விழுக்காட்டினர். இரத்தப் பரிசோதனைக் கட்டுப்பாட்டோடு அது திரும்பி வந்தது. அதன் அருமையைக் காட்டியது எலியல்ல, மனிதர்கள்.

எலியிடம் பளிச்சென்று தெரிந்து, மனிதரிடம் மங்கிப்போன மருந்துகளும் குறைவில்லை. குளூட்டமேட் வழியில் செயல்படும் பொமக்ளுமெட்டாட் என்ற மருந்துக்கு, 2007-இல் வெளிவந்த, நோயாளிகளிடம் நடந்த முதல் ஆய்வு கூட நன்றாகவே அமைந்தது. நாங்கள் ஆய்வகத்தில் அதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. பெரிய ஆய்வுகள் கைவிட்டன, 2012-இல் நிறுத்திவிட்டார்கள். எலிகளின் நடத்தையைக் கணினியால் அலசிக் கண்டெடுத்த உலோடராண்ட் என்ற மருந்து 2023-இல், அனுமதிக்கு முந்தைய பெரிய மனித ஆய்வுகளான மூன்றாம் கட்டத்தில் சறுக்கியது. அந்த ஆய்வுகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களும் கணிசமாகத் தேறிவிட்டதால் வேறுபாடு எடுபடவில்லை. எலிக்கு நம்பிக்கை கிடையாது, மனிதருக்கு உண்டு. யாராவது வாரந்தோறும் அக்கறையாக விசாரித்தாலே பாதிச் சுமை இறங்கிவிடுகிறது.

அளவும் குழப்பும். ஹாலோபெரிடாலில் பாதி, எலியின் உடலிலிருந்து ஓரிரு மணி நேரத்தில் வெளியேறிவிடும். மனித உடலில் அதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஓர் ஊசி போட்டு ஒரு மணி நேரம் பார்த்த எலியும், நான்கு ஆண்டுகளாகத் தினமும் மாத்திரை போடும் உங்கள் தம்பியும் ஒரே நிலையில் இல்லை. எடை கூடுவதும் பகல் தூக்கமும் அந்த ஒரு மணி நேரத்தில் எப்படித் தெரியும்?

ஆகவே "எலியைக் குணப்படுத்தியது" என்ற வரிக்கு நான் கொள்ளும் பொருள்: ஆம்பெட்டமின் கொடுத்த எலி சற்றுக் குறைவாக ஓடியது. கேலியாகச் சொல்லவில்லை, அந்தப் படி தேவைதான். ஆனால் அதிலிருந்து மருந்தகம் வரைக்கும் பத்து ஆண்டுக்கு மேல் பிடிப்பது சாதாரணம். பாதி வழியில் நின்றுபோவது அதைவிடச் சாதாரணம்.

வெற்றி பெற்ற கதையும் ஒன்று உண்டு. சேனோமெலின் என்ற மருந்தை 1990களில் அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்தார்கள். மறதியைவிட, அவர்களுக்கிருந்த பிரமைகளும் சந்தேகங்களும் குறைந்தது கண்ணில் பட்டது. வயிற்றுக் கோளாறு தாங்க முடியாததால் கிடப்பில் போட்டார்கள். பிறகு, மூளைக்குள் அதிகம் நுழையாத டிராஸ்பியம் என்ற மருந்தை அதனுடன் சேர்த்து வயிற்றுத் தொல்லையைக் குறைத்தார்கள். டோபமின் ஏற்பியை அடைக்காத இந்தக் கூட்டு மருந்துக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் இன்னமும் இருக்கின்றன. எலிகளும் இதில் உதவின. மணி அடிக்கும் சோதனையில் அது தேறியது. ஆனால் முதல் தடயம் மனிதரிடமிருந்து வந்தது.

இணையத்தில் வரவழைப்பது வேண்டவே வேண்டாம். மலேசியாவில் பதிவான மருந்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான, பெட்டாலிங் ஜெயாவிலுள்ள என்பிஆர்ஏ-வின் இணையத்தளத்தில் எண்ணைப் போட்டு யாரும் சரிபார்க்கலாம். எண் இல்லாத பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று அனுப்பியவனுக்கே தெரியாது.

தம்பி பிடிவாதக்காரன் என்று நினைக்காதீர்கள். 14 கிலோவும் பகல் தூக்கமும் ஓர் இளைஞனுக்குச் சின்ன விஷயம் அல்ல. அவன் மருந்தை வெறுக்கவில்லை. அதன் விலையை வெறுக்கிறான். இதற்கு இன்றே வழிகள் இருக்கின்றன. மாத்திரையை இரவுக்கு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், எடையை அவ்வளவாகக் கூட்டாத அரிபிப்ரசோல் என்ற மருந்துக்கு மெல்ல மாறலாம், எடைக்கு மெட்பார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைச் சேர்க்கலாம். இவற்றில் எது என்பதை அவனைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் வாய் திறந்து கேட்டால்தானே! நம்மவர்கள் மனநலப் பிரிவின் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள். மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரான 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சொல்லியே ஒருவரை ஒருவர் கேலி செய்து வளர்ந்த நமக்கு அந்தக் கூச்சம் எளிதில் போகாது. உள்ளே போனதும் "எல்லாம் நலம் டாக்டர்" என்று சொல்லி மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

அடுத்த சந்திப்புக்கு முன் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான், வாரம் ஒருமுறை எடை, விட்டுப்போன மாத்திரைகள். நாள் தள்ளி இருந்தால் தொலைபேசியில் அழைத்து முன்கூட்டியே வரக் கேளுங்கள். மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம். அந்தப் புலனச் செய்தியை அழிக்காதீர்கள். தம்பியே தன் கைப்பேசியில் அதைத் திறந்து மருத்துவரிடம் காட்டட்டும். நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தால் போதும்.