சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டை மட்டுமே சொல்லும் முதலீட்டு ஆலோசகருக்கு அப்படி என்ன வேலை? அந்தத் தொழிலில் பிழைக்க முடியுமா?

பிழைக்கலாம். ஆனால் ஃபண்டைத் தேர்ந்தெடுத்துச் சொல்வதற்காக யாரும் ஆண்டுதோறும் கட்டணம் தரப்போவதில்லை. ஒரு நிஃப்டி 50 (பெரிய 50 நிறுவனங்களின் குறியீடு) இண்டெக்ஸ் ஃபண்ட், விரும்பினால் அடுத்த ஐம்பதுக்கான நெக்ஸ்ட் 50, கடன் பக்கத்துக்கு, அதாவது வட்டி தரும் முதலீட்டுக்கு, பிஎஃப், பிபிஎஃப், ஒரு லிக்விட் ஃபண்ட் (குறுகிய காலக் கடன் பத்திர ஃபண்ட்). இதைச் சொல்லப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதுதான் தொழில்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல, 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பதிவு வேண்டும். பதிவு எண் ஐஎன்ஏ என்று தொடங்கும். ஏஆர்என் எண் (ஃபண்ட் விற்பதற்கான பதிவு எண்) மட்டும் வைத்திருப்பவர் விநியோகஸ்தர், அவருக்கு வருமானம் ஃபண்ட் நிறுவனம் தரும் கமிஷன். ஒரே வாடிக்கையாளர் குடும்பத்திடம் கட்டணமும் வாங்கி, அவர்கள் முதலீட்டில் கமிஷனும் எடுக்க முடியாது. தகுதி விஷயத்தில் 2024 டிசம்பர் திருத்தம் கதவை அகலத் திறந்தது. முன்பு கேட்ட முதுகலையும் அனுபவமும் போய், பட்டப்படிப்பு போதும் என்றானது. செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் 10-ஏ, 10-பி தேர்வுகள் இரண்டும் எழுத வேண்டும். தேர்ச்சிக்கு 60%, தவறான விடைக்குக் கால்பங்கு மதிப்பெண் கழிவு. சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். 150 வாடிக்கையாளர் வரை 1 லட்சம் ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் மீது மேற்பார்வை அமைப்பான பிஎஸ்இ-க்கு உரிமை எழுதிக் கொடுக்க வேண்டும். நிலையான கட்டணமாக வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 1,51,000 ரூபாய். சொத்து மதிப்பில் சதவீதமாக வாங்கினால் 2.5% வரை. ரொக்கமாக வாங்கக் கூடாது.

இந்த இரண்டில் நிலையான கட்டணம்தான் இந்த வேலைக்குப் பொருந்தும். சதவீதத்தில் வாங்குகிறவரிடம் போய் "கையில் 20 லட்சம் இருக்கிறது, வீட்டுக் கடனை அடைக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அடை என்று சொன்னால் அவர் வருமானம் குறையும். நல்லவராகவே இருந்தாலும் பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

இனி வேலை. புதிய குடும்பம் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, ஃபண்டுகளின் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் இரண்டையும் சேர்த்து வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை. சுருக்க அறிக்கை உதவாது, விவர அறிக்கைதான் வேண்டும், ஒவ்வொரு யூனிட் வாங்கிய தேதியும் அதில்தான் இருக்கும். பன்னிரண்டு, பதினைந்து ஃபண்டுகள் இருப்பது சாதாரணம். பெரும்பாலும் ரெகுலர் பிளான், அதாவது விநியோகஸ்தர் கமிஷனும் செலவில் சேர்ந்தது. அதோடு இரண்டு மூன்று எண்டோமெண்ட் பாலிசி (சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீடு), ஒரு சீட்டு, நகை, ஊரில் ஒரு மனை.

"எல்லாவற்றையும் விற்று இண்டெக்ஸில் போடு" என்று சொல்வது எளிது. கணக்கு அவ்வளவு எளிதாக இருக்காது. 40 லட்சம் மதிப்புள்ள பங்கு ஃபண்டுகள், அதில் லாபம் 15 லட்சம், எல்லாம் ஓராண்டு தாண்டியவை என்று வையுங்கள். ஒரே ஆண்டில் விற்றால் 1.25 லட்சம் விலக்கு போக மீதி 13.75 லட்சத்துக்கு 12.5% வரி, அதன் மேல் 4% செஸ். மொத்தம் 1,78,750 ரூபாய். பழைய ஃபண்டுகளின் செலவு விகிதம் (ஃபண்ட் ஆண்டுதோறும் பிடிக்கும் செலவு) 1.7%, கமிஷன் இல்லாத இண்டெக்ஸ் டைரக்ட் பிளானில் 0.2% என்றால் ஆண்டுக்கு மிச்சமாவது சுமார் 60,000. மூன்று வருடத்தில் வரி திரும்பிவிடும். அந்த வரியில் ஒரு பகுதி என்றைக்கானாலும் கட்ட வேண்டியதுதான் என்பதால் உண்மையில் இன்னும் சீக்கிரமே.

கணவன், மனைவி இருவர் பெயரிலும் முதலீடு பிரிந்திருந்தால் விலக்கு ஆளுக்கு 1.25 லட்சம். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று விற்றால் இரண்டு நிதியாண்டின் விலக்கும் கிடைக்கும். மதிப்போடு ஒப்பிட்டால் லாபம் குறைவாக உள்ள ஃபண்டை முதலில் விற்க வேண்டும். ஒரே ஃபோலியோவில் (ஃபண்ட் கணக்கில்) முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்காகும், "போன வருஷம் வாங்கியதை மட்டும் விற்கிறேன்" என்பது நடக்காது. ஒரே ஃபண்டின் ரெகுலர் பிளானிலிருந்து டைரக்ட் பிளானுக்கு மாறுவதும் வரிக் கணக்கில் விற்பனைதான். பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். செயலியில் பொத்தானை அழுத்திவிட்டு, ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது விழிக்கிறார்கள்.

அடுத்தது பாலிசி. ஆண்டுக்கு 50,000 பிரீமியம், 20 வருடம், முதிர்வில் 15 லட்சம். முழுக் காலத்துக்கும் பார்த்தால் வருவாய் சுமார் 3.7%தான். அதனால் "உடனே சரண்டர் செய்" என்பது பொதுவான அறிவுரை. ஆனால் எட்டுப் பிரீமியம் கட்டியாகிவிட்டது, இன்று சரண்டர் செய்தால் 2.6 லட்சம் கிடைக்கும் என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. கட்டிய 4 லட்சத்தில் இழக்க வேண்டியதை இழந்தாகிவிட்டது. இனி பார்க்க வேண்டியது, இன்றைய 2.6 லட்சத்தையும் வரப்போகும் பன்னிரண்டு பிரீமியத்தையும் உள்ளே விட்டால் 15 லட்சம் எத்தனை சதவீதம் என்பதைத்தான். எக்செலில் ஐஆர்ஆர் (ஆண்டு வருவாய் விகிதம்) போட்டால் 6.6%க்குச் சற்று மேல் வருகிறது. வரிவிலக்கு உள்ள பாலிசி என்றால் அதைக் கடன் பக்கத்துச் சொத்தாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதே பாலிசி இரண்டாம் மூன்றாம் வருடத்தில் இருந்தால் விடை பெரும்பாலும் வேறு. ஒவ்வொரு பாலிசிக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும், மொத்தமாகத் தீர்ப்பு சொல்கிறவரை நம்பாதீர்கள்.

பாஸிவ், அதாவது குறியீட்டை மட்டும் பின்பற்றுவது, என்றால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஒரே நிஃப்டியைப் பின்பற்றும் ஃபண்டுகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. செலவு விகிதத்தை மட்டும் பார்க்காமல், டிவிடெண்டும் சேர்ந்த குறியீட்டுக்கும் ஃபண்டின் வருவாய்க்கும் உள்ள இடைவெளியை மூன்று, ஐந்து வருடத்துக்குப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் யெஸ் வங்கி மறுசீரமைப்பில், 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்கில் 75% மூன்று வருடத்துக்கு முடக்கப்பட்டது. அதே மாதம் அந்த வங்கி நிஃப்டியிலிருந்து வெளியேறியது. குறியீட்டில் இல்லாத பங்கை, விற்க வழியில்லாமல் இண்டெக்ஸ் ஃபண்டுகள் சுமந்துகொண்டிருந்தன. தொகை சிறியதுதான், ஆனால் "குறியீடு எப்படியோ ஃபண்டும் அப்படியே" என்று வாடிக்கையாளரிடம் சத்தியம் செய்யக் கூடாது என்பதற்கு இது போதும்.

பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் இண்டெக்ஸ் ஃபண்டான இடிஎஃப்பில் வேறு சிக்கல். வெளிநாட்டு முதலீட்டுக்கு மியூச்சுவல் ஃபண்ட் துறை முழுவதற்குமான வரம்பு நிரம்பியதால் புது யூனிட் உருவாக்க முடியாமல், அமெரிக்கக் குறியீடான நாஸ்டாக் 100 போன்றவற்றின் இடிஎஃப்கள் சந்தையில் என்ஏவியைவிட (யூனிட்டின் உண்மையான மதிப்பைவிட) கூடுதல் விலைக்கு விற்றன. வாங்கும் முன் ஐ-என்ஏவியை (சந்தை நேரத்தில் காட்டப்படும் உத்தேச என்ஏவியை) பார்க்காதவர்கள் 100 ரூபாய்ப் பொருளை அதைவிட அதிகம் கொடுத்து வாங்கினார்கள். அந்த வித்தியாசம் சுருங்கினால் குறியீடு ஏறினாலும் கையில் நட்டம் நிற்கும். மாதாமாதம் போடுகிற சம்பளக்காரருக்கு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டே நிம்மதி.

பங்கு 60, கடன் 40 என்று முடிவு செய்தால் அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. ஐந்து புள்ளி விலகினால்தான் சரிசெய்வது, அதையும் முதலில் புதுப் பணத்தைத் திருப்பிவிட்டுச் செய்வது, விற்பனை கடைசி வழி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிஎஃப் இருப்பைக் கடன் கணக்கில் சேர்க்க மறந்தால் மொத்த விகிதமும் பொய். 2020 ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் ஆலோசகர் செய்ய வேண்டியது அந்தக் காகிதத்தை எடுத்து அனுப்புவது. அதன்படி பார்த்தால் அன்றைக்குப் பங்குதான் வாங்க வேண்டும், விற்கச் சொல்லி போன் செய்கிறவரிடம் இதைச் சொல்வது லேசல்ல.

தொழிலின் உண்மையான சோதனை இரண்டாம் வருடம் வரும். எல்லாம் சீராகிவிட்டது, எஸ்ஐபி தானாக ஓடுகிறது, "இனி உங்களுக்கு எதற்கு சார் பணம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பயந்து புதுப்புது ஃபண்டுகளைச் சேர்த்து, ஸ்மால்கேப் 250, மொமெண்டம் 30 என்று அடுக்கி, வேலை நடப்பதாகக் காட்டுகிற ஆலோசகர்கள் உண்டு. அது பாஸிவ் வேஷம் கட்டிய ஆக்டிவ், அதாவது தேர்ந்தெடுத்து ஜெயிக்கப் பார்ப்பது. நேர்மையான வழி, முதல் வருடத்துக்கு ஒரு கட்டணம், தொடர்வதற்குக் குறைந்த கட்டணம், தேவையில்லை என்றால் போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது. ஓய்வு நெருங்குகிறவர்கள், பங்குகளாகச் சம்பளம் பெறுகிற ஐடி ஊழியர்கள், இரண்டு நாட்டு வரி உள்ள வெளிநாடுவாழ் இந்தியர்கள் ஆகியோருக்கு வருடா வருடம் வேலை இருக்கும். மற்றவர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

வருமானக் கணக்கு இப்படி: 60 குடும்பம், சராசரி 30,000 என்றால் 18 லட்சம். 20 லட்சத்தைத் தாண்டினால் 18% ஜிஎஸ்டி. தணிக்கை, மென்பொருள், வாடகை போக மீதிதான் உங்களுக்கு. முதல் வருடம் ஒரு குடும்பத்துக்கு 15–20 மணி நேரம் எளிதாகப் போகும், ஆகவே தனியாளாக வருடத்துக்கு 25, 30 புதுக் குடும்பத்துக்கு மேல் எடுத்தால் வேலை கெடும். 60-ஐ எட்ட மூன்று நான்கு வருடம் ஆகும். ஒப்பிட, 10 கோடி சேர்த்த விநியோகஸ்தருக்கு 0.8% கமிஷன் என்றால் யாரிடமும் கை நீட்டாமல் ஆண்டுக்கு 8 லட்சம், சந்தை ஏறினால் அதுவும் ஏறும். ஆலோசகர் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொருவரிடமும் பில் அனுப்பிக் கேட்டு வாங்க வேண்டும். எனவே இரண்டு வருட வீட்டுச் செலவைத் தனியே எடுத்து வைக்காமல் வேலையை விடாதீர்கள், அந்தப் பணத்தையும் இண்டெக்ஸ் ஃபண்டில் போடாமல் எஃப்டியில் வையுங்கள்.