சிஸ்டர் பதில்கள்: பெரியாஸ்பத்திரியா, பிரைவேட்டா?

(அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, பாளையங்கோட்டையில் வசிக்கும் செவிலியர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மகளைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். ‘கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலா பார்க்கப் போறீங்க?’ என்று சம்பந்தியம்மா முகத்தைச் சுளிக்கிறார்கள். பிரைவேட்டுக்குப் போனால் என் சங்கிலியை அடகு வைக்க வேண்டிவரும். என்ன செய்யட்டும் சிஸ்டர்?
– வாசகி, வள்ளியூர்

பதில்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும் அம்மா. மகளின் பிக்மி நம்பர் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிராம சுகாதார நர்ஸிடம் கர்ப்பத்தைப் பதிந்தால் கொடுக்கும் நம்பர் அது. பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த நம்பரைக் கேட்பார்கள். வசதி குறைந்த குடும்பம் என்றால், முதல் இரண்டு பிரசவத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்குக் கிடைக்கும்.

சம்பந்தியம்மாவிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தனியாரில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு 64 சிசேரியன். அரசில் 36. அதுவும் அதிகம்தான். ஆனால் சிக்கலான கேஸ்கள் கடைசியில் அரசுக்குத்தான் வந்து சேர்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். சின்ன நர்சிங் ஹோமில் பகலெல்லாம் ஓ.பி. பார்த்த அதே டாக்டரம்மாதான் ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து வர வேண்டும். வலி விட்டு விட்டு வந்தால் அவருக்கும் பொறுமை போகும், வெளியே நிற்கும் சொந்தக்காரர்களுக்கும் போகும். அரசு லேபர் வார்டில் ஒருவர் டூட்டி முடிந்தால் அடுத்தவர் வருவார். பிள்ளை அதன் நேரத்துக்கு வரலாம்.

மகளுக்கு பிரஷரோ சர்க்கரையோ இருந்தால் மட்டும், ரத்த வங்கி உள்ள பெரியாஸ்பத்திரியில் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸில் அலைய வேண்டாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கக்கூஸ் வீட்டில் இருப்பது போல இருக்காது. சில நாள் கட்டிலுக்கு நெருக்கடி. வலியில் கிடப்பவளை அதட்டுகிறவர்கள் உண்டு, நான் இருந்த வார்டில் அதை ஒருநாளும் பொறுத்ததில்லை. பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது காசு கேட்பவரும் இருக்கலாம். கொடுக்காதீர்கள், அரசு சுகாதார உதவி எண் 104-க்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். நாலு பேரைத் தெரிந்தவர்கள், எதிர்த்துப் பேசத் தெரிந்தவர்கள் எல்லாம் பிரைவேட்டுக்குப் போய்விட்டதால்தான் இந்தக் குறைகள் அப்படியே கிடக்கின்றன. சம்பந்தியம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். கேள்வி கேட்கிற ஆள் வாசலில் நின்றால் வார்டு மாறும்.

கேள்வி: சர்க்கரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் பவர் இல்லை என்கிறார்களே?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: மெட்பார்மின் எங்கே வாங்கினாலும் மெட்பார்மின்தான். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. விலை குறைவது அதனால்தான். ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து லேபுக்கு அனுப்பி, தேறிய பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே விடுவார்கள். மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் டோஸ் போதாமல் இருக்கலாம், தட்டில் சோறு குறையாமலும் இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். மெடிக்கலில் கேட்டு மாத்திரையை மாற்றாதீர்கள்.

கேள்வி: அரசு வேலை பார்த்தவர் என்பதால் பிரைவேட் என்றாலே உங்களுக்கு ஆகாதோ?
– வாசகர், ஆலங்குளம்

பதில்: அப்படியில்லை. கண்புரை என்று வருபவர்களை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 கட்டிலோடு தொடங்கியது அது. 1988 முதல் திருநெல்வேலியிலும் இருக்கிறது. பணம் கட்ட முடிந்தவர் கட்டுகிற பணத்தில் முடியாதவருக்கும் ஆபரேஷன் நடக்கிறது. சேர்ப்பதற்கு முன்னால் செலவு எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுக்காத இடங்களோடுதான் எனக்குச் சண்டை.

கேள்வி: காப்பீட்டு அட்டையில் 5 லட்சம் வரை கிடைக்கிறது. அரசு ஆஸ்பத்திரிக்குச் செலவு செய்வதையும் காப்பீட்டிலேயே போட்டு, எல்லாரையும் பிரைவேட்டுக்கு அனுப்பிவிடலாமே?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: 2009-ல் வந்த திட்டம் அது. இப்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு என்று இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு இதய ஆபரேஷன் கைக்கு எட்டியது அதனால்தான். வாயார வாழ்த்துவேன். ஆனால் அது பெரும்பாலும் கட்டிலில் சேர்ந்த பிறகு நடக்கும் சிகிச்சைக்கு. மாதாமாதம் வாங்கும் பிரஷர் மாத்திரைக்கு அதில் காசு வராது.

உங்கள் பக்கத்துப் பிசான நெல் அறுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியக்காலம் வயலில் பாம்பு கடித்து, கால் வீங்கி ஒருவரைத் தூக்கி வருவார்கள். என்ன பாம்பு என்று தெரியாது. இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் மேஜையில் வைப்போம். 20 நிமிஷம். ‘ஒண்ணும் பண்ணாம நிக்கிறாங்களே’ என்று கூட வந்தவர்கள் கொதிப்பார்கள். நேரம் ஆனதும் குழாயைச் சாய்த்தால் ரத்தம் உறைந்து நிற்க வேண்டும். தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றுவோம், பெரும்பாலும் பத்துக் குப்பியில் ஆரம்பிக்கும். உறைந்தாலும் வீட்டுக்கு விட மாட்டோம். நல்ல பாம்பு விஷம் அந்தக் குழாயில் தெரியாது. கண் இமை சொருகுகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும்.

இதற்கு மருந்து எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும் விடிய விடிய விழித்திருக்க வேண்டும், பாம்பு கடித்து யாருமே வராத ராத்திரியிலும். காப்பீடு வந்த நோயாளிக்குத்தான் பணம் கொடுக்கும். வராத நோயாளிக்காகக் காத்திருந்ததற்கு யாரும் பில் போட முடியாது. லாபக் கணக்கு பார்க்கிற நிர்வாகம் முதலில் வெட்டுவது அந்த ராத்திரி டூட்டியைத்தான். கிராமம் கிராமமாகத் தடுப்பூசி போடுவதும் இதே கதைதான். இந்தச் செலவை அரசுதான் சுமக்க முடியும், சுமக்கவும் வேண்டும்.

அட்டை இருப்பவர்கள் ஹைகிரவுண்டில், அதாவது பாளையங்கோட்டை அரசுப் பெரியாஸ்பத்திரியில், சேர்ந்தாலும் அட்டையைக் காட்டுங்கள். அந்தத் தொகை அந்த ஆஸ்பத்திரிக்கே போகும், கருவி வாங்க உதவும். அப்புறம், பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறி ரத்தம் எடுக்காதீர்கள், மந்திரிக்க அலையாதீர்கள். காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.