பதில்: பாலக்கோடு 10 சென்ட் குட்டை, 1,500 கெண்டை, எடை ஏறவில்லை

குட்டையில் 1,500 கெண்டை விட்டும் எடை ஏறலை, 40 சதவீதப் புரதத் தீவனத்துக்கு மாறலாமான்னு கேட்டிருந்தீங்க. மாறாதீங்க, மீனைக் குறைங்க. 10 சென்ட்ன்னா சுமார் 400 சதுர மீட்டர். காற்றூட்டி (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) இல்லாத குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால்னு மூணு கெண்டை வகையும் சேர்த்து 400 போதும். நீங்க விட்டது கிட்டத்தட்ட நாலு மடங்கு.

கெண்டைக்கு 25–30 சதவீதப் புரதமே தாராளம். மிச்சம் அம்மோனியாவாகத் தண்ணீரில்தான் சேரும், காசும் போச்சு.

விடியற்காலை போய்ப் பாருங்க. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை. அன்னிக்குத் தீவனத்தை நிறுத்திப் புதுத் தண்ணீர் விடுங்க. வீச்சு வலையில் 20 மீன் பிடித்துச் சராசரி எடை பாருங்க. மொத்த மீன் எடையில் 2–3 சதவீதம்தான் ஒரு நாள் தீவனம்.

ஒண்ணு மட்டும்: நம்ம பக்கம் சித்திரையில் குட்டை வற்றினால் அந்த 400-உம் நெரிசல்தான். பெரிசை அதுக்கு முன்னாடியே பிடிச்சு வித்துடுங்க.