பன்னிரண்டு அமைச்சர்கள், ஒரு புலம்பல்

கே: பிரிட்டனில் பி.பி.சி., நாடகம், அருங்காட்சியகம் எல்லாமே இடதுசாரிகள் பிடியில் இருப்பதாக கன்சர்வேடிவ் (பழமைவாத) கட்சிக்காரர்கள் சொல்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

ப: பெருமளவு உண்மை. ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை அவர்களுக்கு இல்லை. 2010 மே முதல் 2024 ஜூலை வரை ஆட்சி அவர்களிடம்தான் இருந்தது. கலை நிறுவனங்களுக்கு அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஆர்ட்ஸ் கவுன்சிலின் தலைவரை நியமிப்பது கலாசார அமைச்சர். அந்த அமைச்சர் பதவியில் 14 ஆண்டுகளில் 12 பேர். நாற்காலி சூடேறுவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார்.

சொந்த ஆளையே எப்படி நடத்தினார்கள் பாருங்கள். பழமைவாதச் சிந்தனையில் பெரிய பெயரான ரோஜர் ஸ்க்ரூட்டனை, கட்டடங்களின் அழகு பற்றி ஆலோசனை சொல்லும் அரசுக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். 2019 ஏப்ரலில் ஓர் இடதுசாரி வார இதழ் அவருடைய பேட்டியை வெட்டி ஒட்டி வெளியிட்டது. முழுப் பதிவைக் கேட்கக்கூடப் பொறுமையில்லாமல் அன்றைக்கே அவரை நீக்கினார்கள். பதிவு வெளியே வந்ததும் இதழும் வருத்தம் தெரிவித்தது, அவரை நீக்கிய அமைச்சரும் மன்னிப்புக் கேட்டார். காவல்காரனே கதவைத் திறந்துவிட்டு ‘ஐயோ திருடன்’ என்று கத்துகிற கதை.

அந்தப் பன்னிரண்டு பேரில் துணிந்து கை வைத்த அமைச்சர் ஒருவர் உண்டு: நாடின் டோரிஸ். லண்டனுக்குப் போகும் கலை நிதியை வெளியூர்களுக்குத் திருப்பச் சொல்லி 2022-ல் உத்தரவு போட்டார். நல்ல எண்ணம்தான். நவம்பரில் ஆர்ட்ஸ் கவுன்சில் அதை நிறைவேற்றிய அழகு இது: லண்டனின் இசைநாடகக் கம்பெனியான இங்கிலிஷ் நேஷனல் ஆபராவுக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த 1 கோடியே 26 லட்சம் பவுண்ட் கிடையாது, லண்டனைக் காலி செய்தால் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து 1 கோடியே 70 லட்சம் தரலாம். ஆபரா என்றாலே சீமான்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். சாமானியனுக்கும் புரியட்டும் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே பாடுகிற கம்பெனி அது. 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவச டிக்கெட் வேறு. மரபைக் காக்கிறோம் என்பவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்க வேண்டாமா?

சரி, வெளியூர்களுக்காவது லாபமா? ஊர் ஊராகப் போய் ஆபரா நடத்திவந்த கிளைண்ட்போர்னுக்கு மானியம் பாதியானது; 2023-ன் இலையுதிர்காலப் பயணத்தையே அது ரத்து செய்தது. வெல்ஷ் நேஷனல் ஆபராவுக்கு மூன்றில் ஒரு பங்கு வெட்டு. அது லிவர்பூலுக்குப் போவதை நிறுத்தியது. (லிவர்பூல் லண்டனில் இல்லை என்பதை யாராவது ஆர்ட்ஸ் கவுன்சிலுக்குச் சொல்லியிருக்கலாம்.) இத்தனைக்கும், வட இங்கிலாந்தின் லீட்ஸில் இன்று நடக்கும் ஆபரா நார்த் 1978-ல் இதே இங்கிலிஷ் நேஷனல் ஆபராவின் கிளையாகத் தொடங்கி, பிறகு தனியாக நின்றது. வடக்கே கலை போக வேண்டுமென்றால் அந்த வழி கண்ணெதிரே இருந்தது.

எதிர்ப்புக் கிளம்பியதும் இங்கிலிஷ் நேஷனல் ஆபராவுக்குக் கொஞ்சம் பணம் திரும்பி வந்தது. ஆனாலும் கம்பெனி மான்செஸ்டர் வட்டாரத்தைத் தன் புதுத் தலைமையிடமாக அறிவிக்க வேண்டிவந்தது. வாத்தியக்காரர்கள், குழுப்பாடகர்கள் வேலையிலும் கை வைத்தது. இதற்காக எந்த அமைச்சரும் பதவி விலகவில்லை. 2023 அக்டோபரில் விலகியவர், கம்பெனியின் இசை இயக்குநர் மார்ட்டின் பிராபின்ஸ்.